முட்டி வலிக்கு ரத்தத்தில் விடை இல்லை

முழங்கால் வலிக்கிறது என்று யாராவது வாய் திறந்தால், அடுத்த நொடியே ‘வைட்டமின் டி பார்த்தீங்களா?’ என்று கேட்கிறார்கள். உறவினர் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், மருந்துக் கடைக்காரர் கேட்கிறார். சில கிளினிக்குகளில் முட்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அந்த ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப்பட்டுவிடுகிறது. ரிப்போர்ட்டில் 14 என்றோ 17 என்றோ வருகிறது. பக்கத்திலேயே ‘குறைபாடு’ என்று தடித்த எழுத்து. ‘அதனாலதான் மூட்டு தேயுது’ என்று வீடே ஒரு முடிவுக்கு வந்து, வாரத்துக்கு ஒன்று என 60,000 யூனிட் மாத்திரை தொடங்குகிறது.

இந்த முடிவு தவறு. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதால் முழங்கால் மூட்டு தேய்வதில்லை. அந்த எண்ணை உயர்த்தினால் தேய்மானம் நிற்பதும் இல்லை. இது என் சொந்த ஊகம் அல்ல. கேள்வியை உலகில் முதலில் எழுப்பிய ஆய்வாளர்களே பல ஆண்டுகள் செலவழித்துச் சோதித்துப் பார்த்துச் சொன்ன பதில். அந்தப் பதில் நம் கிளினிக்குகளுக்கும் வீடுகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் கவலை.

கதை அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் தொடங்குகிறது. இதய நோயின் காரணங்களை அறிய 1948 முதல் அந்த ஊர் மக்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். பிற்பாடு அவர்களுடைய முழங்கால்களையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். 1996இல் டிமதி மெக்அலிண்டனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களில், ரத்தத்தில் டி குறைவாக இருந்த பிரிவினருக்கு அது மேலும் மோசமாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. உலகமே பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. தேய்மானமே இல்லாத முட்டியில் புதிதாகத் தேய்மானம் வருவதற்கும் டி அளவுக்கும் அவர்கள் தொடர்பு காணவில்லை. ‘டி குறைந்தால் மூட்டு தேயும்’ என்று இன்று சொல்பவர்கள், அந்த நம்பிக்கையின் மூலக் கட்டுரையே மறுத்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மீதி இருந்த பாதியும் நிலைக்கவில்லை. 2007இல் டேவிட் ஃபெல்சன் குழுவினர் ஃப்ராமிங்காம் மக்களையும் பாஸ்டன் பகுதி நோயாளிகளின் இன்னொரு குழுவையும் வைத்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். டி குறைந்தவர்களுக்குத் தேய்மானம் வேகமாக நகரவில்லை. ஒரே ஊரில் எடுத்த தரவு ஒரு முறை ‘ஆம்’ என்றும் மறுமுறை ‘இல்லை’ என்றும் சொன்னால், அந்தத் தொடர்பு எவ்வளவு உறுதியானது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தொடர்பு தென்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எது முந்தியது, எது பிந்தியது? மொட்டை மாடியில் வடகம் காயப்போட தினமும் படியேறிய அம்மா, முட்டி வலி வந்ததும் ஏறுவதை நிறுத்துகிறார். காலையில் மார்க்கெட்டுக்கு நடந்தவர் பேரனிடம் பையைக் கொடுத்து அனுப்புகிறார். வீட்டுக்குள் அடைந்த உடம்பில் வெயில் படவில்லை. தோலில் டி உருவாகவில்லை. நடமாட்டம் குறைந்ததால் எடை கூடுகிறது. டி கொழுப்பில் கரையும் சத்து. உடலில் கொழுப்பு கூடக்கூட ரத்தத்தில் அதன் அளவு இறங்கும். எடை கூடினால் முட்டியும் கெடும். வயது ஏற ஏறத் தோலின் உற்பத்தித் திறன் குறையும். வயது ஏற ஏற மூட்டும் தேயும். ஆக, வயது, எடை, வீட்டோடு முடங்கிய வாழ்க்கை ஆகிய மூன்றும் ஒரு பக்கம் டி அளவை இறக்குகின்றன, இன்னொரு பக்கம் முட்டியைக் கெடுக்கின்றன. ரத்தத்தில் தெரியும் குறைவான எண் பெரும்பாலும் இந்த வாழ்க்கையின் நிழல். நிழலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப்பட்ட சிக்கலை அவிழ்க்க மருத்துவத்தில் ஒரே நேர்மையான வழிதான் உண்டு. ஒத்த நிலையில் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான மாத்திரையும் மறுபாதிக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் கொடுத்து, யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஆண்டுக் கணக்கில் காத்திருப்பது. காத்திருந்தார்கள்.

முதலில் காத்திருந்தவர் அதே மெக்அலிண்டன். தன் கருதுகோளைத் தானே சோதனைக்கு உட்படுத்தினார். 146 நோயாளிகள், இரண்டு ஆண்டுகள். தினமும் 2,000 யூனிட்டில் தொடங்கி, ரத்த அளவு போதுமான உயரம் தொடும்வரை அளவைக் கூட்டினார்கள். எண் உயர்ந்தது. முட்டி? 2013இல் வெளியான முடிவில், டி சாப்பிட்டவர்களின் முழங்கால் குருத்தெலும்பு இரண்டு ஆண்டுகளில் 4.30 சதவீதம் குறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.25 சதவீதம். வலியிலும் வித்தியாசம் இல்லை. தான் முன்வைத்த கருத்தைத் தானே தோற்கடித்து, அதை மறைக்காமல் உலகின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய அந்த மனிதர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவருடைய 1996 கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் 2013 கட்டுரையையும் சேர்த்துக் காட்டுவதே அவருக்குச் செய்யும் நியாயம்.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு எழும். ‘அவர்களுக்கு உண்மையிலேயே குறைபாடு இருந்திருக்காது. நம்ம ஆட்களுக்கு 10, 12 என்று இருக்கிறதே!’ நல்ல கேள்வி. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இதையே கேட்டார்கள். ஹோபார்ட், மெல்பர்ன் நகரங்களில் முழங்கால் தேய்மானத்தோடு டி அளவும் குறைவாக இருந்தவர்களை மட்டும் பார்த்துச் சேர்த்தார்கள். நம் லேப் கணக்கில் 5 முதல் 24 நானோகிராம் வரை உள்ளவர்கள். மொத்தம் 413 பேர். மாதம் 50,000 யூனிட், இரண்டு ஆண்டுகள். 2016இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்த அளவு சராசரியாக 16 நானோகிராம் உயர்ந்தது, மற்றவர்களுக்கு 3கூட உயரவில்லை. ஆனால் குருத்தெலும்பின் இழப்பிலும் வலியிலும் இரு பிரிவுகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு வரவில்லை. குறைபாடு உள்ளவர்களிடமே பலிக்காத மருந்து வேறு யாரிடம் பலிக்கும்?

அதே ஆண்டில் இங்கிலாந்தில் 474 பேரிடம் தினம் 800 யூனிட் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த முடிவும் வெளியானது. மூட்டு இடைவெளி சுருங்கும் வேகம் மாறவில்லை. 2020இல் இன்னும் பெரியது. ஏறத்தாழ 26,000 அமெரிக்கர்கள் கலந்துகொண்ட வைட்டல் சோதனையில், நாட்பட்ட முழங்கால் வலி உள்ளவர்கள் 1,398 பேரைத் தனியே எடுத்துச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். தினம் 2,000 யூனிட். வலி குறையவில்லை, விறைப்பு குறையவில்லை, நடமாட்டம் மேம்படவில்லை. இதற்கு முன்பே அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி தன் வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்கு வைட்டமின் டி வேண்டாம் என்ற பக்கம் நின்றுவிட்டது.

மறுபக்கத்தில் சாட்சியே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. இந்தியாவிலேயே லக்னோவில் 107 நோயாளிகளிடம் ஓராண்டு நடந்த சிறிய சோதனை ஒன்று, டி சாப்பிட்டவர்களுக்கு வலி சற்றுக் குறைந்ததாக 2013இல் சொன்னது. அந்த ஆய்வாளர்களே அந்தப் பலனைச் சிறியது என்றுதான் குறிப்பிட்டார்கள். அதைவிடப் பெரிய, நீண்ட சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்த் திசையில் வந்த பிறகு, அந்த ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்களுக்குச் சீட்டு எழுதுவது முறையல்ல.

‘எனக்கு அந்த மாத்திரை போட்டதும் குறைஞ்சுதே’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. முழங்கால் தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை, ஏறும், இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் மருத்துவரிடம் போகிறோம். அதற்குப் பிறகு அது இறங்குவது பெரும்பாலும் அதன் இயல்பு. மேலே சொன்ன சோதனைகள் சிலவற்றில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலி குறைந்தது. மெக்அலிண்டனின் 2013 சோதனையிலும் குறைந்தது, 2016 ஆஸ்திரேலியச் சோதனையிலும் குறைந்தது. ஒப்பிட ஒரு பிரிவு இல்லாத நம் வீட்டுக் கூடத்தில், அந்த இறக்கத்தின் பெருமை முழுவதும் மாத்திரைக்கே போய்விடுகிறது.

இன்னொரு வகையினரும் உண்டு, அவர்களைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டி கடுமையாகவும் நீண்டகாலமாகவும் குறைந்தால் எலும்பு மென்மையாகும். உடம்பெங்கும் எலும்பு வலி, அழுத்தினால் நோவு, தொடையும் இடுப்பும் பலமிழந்து தரையிலிருந்து எழ முடியாத நிலை, ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்வு. இது மூட்டுத் தேய்மானமே அல்ல, வேறு நோய். இதற்கு டி தான் மருந்து, நன்றாகக் கேட்கும். படுக்கையில் இருப்பவர்கள், வெயிலே படாத முதியோர், குடலில் சத்து உறிஞ்சாதவர்கள், வலிப்பு மாத்திரை நெடுங்காலம் எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் டி அளவைப் பார்த்தாக வேண்டும். நான் எதிர்ப்பது வைட்டமின் டியை அல்ல. எலும்புக்கான மருந்தைத் தேய்ந்த முட்டிக்கு விற்பதை எதிர்க்கிறேன்.

‘குறைபாடு’ என்ற அந்தத் தடித்த எழுத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? 2010 இறுதியில் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், 20 நானோகிராம் இருந்தால் ஏறத்தாழ எல்லோருடைய எலும்புத் தேவையும், அதாவது 97.5 சதவீதம் பேருடைய தேவையும் நிறைவேறிவிடும் என்று கணித்தது. கவனியுங்கள்: இது மிக அதிகம் தேவைப்படுபவரையும் உள்ளடக்கிய மேல் வரம்பு. சராசரி மனிதரின் தேவை 16. அப்படியிருக்க 20க்குக் கீழே உள்ள அனைவரையும் நோயாளி ஆக்குவது கணக்கிலேயே பிழை. 2011இல் எண்டோகிரைன் சொசைட்டி இன்னொரு படி மேலே போய் 30 வேண்டும் என்றது. லேப் ரிப்போர்ட்டுகள் அந்த 30ஐப் பிடித்துக்கொண்டன. அதே சொசைட்டி 2024இல் அந்த எல்லைக்கோட்டைக் கைவிட்டது. நலமாக உள்ளவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. கோடு போட்டவர்களே அதை அழித்துவிட்டார்கள். நம் ரிப்போர்ட்டுகளில் அது இன்னும் அழியவில்லை. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் டி ஒரு கவர்ச்சியாகவே நீடிக்கிறது.

‘சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன?’ மிகுந்த நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் டி கொடுத்தார்கள். நோக்கம் எலும்பு முறிவைத் தடுப்பது. 2010இல் வெளியான முடிவு: டி எடுத்தவர்கள் 15 சதவீதம் அதிகமாகக் கீழே விழுந்தார்கள்; எலும்பு முறிவு 26 சதவீதம் அதிகம். முழங்கால் வலி உள்ள முதியவருக்கு நாம் எதை அஞ்சுகிறோம்? விழுவதைத்தான். நம் ஊரில் 6 லட்சம் யூனிட் ஊசி போடும் வழக்கம் உண்டு. எட்டு வாரத்துக்கு எழுதிய 60,000 யூனிட் மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி மாதக் கணக்கில் தொடர்பவர்களும் உண்டு. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்புவரை அது போகும்.

ரத்தத்தில் ஒரு சத்து குறைவாக இருப்பதைக் கண்டு அதுவே நோயின் காரணம் என்று முடிவுகட்டும் பழக்கம் ஏற்கெனவே ஒருமுறை உயிர்களோடு விளையாடியிருக்கிறது. பீட்டா கரோட்டின் ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. அதை நம்பி ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களைச் சோதனையில் சேர்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. காய்கறி நிறையச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் அந்தச் சத்து கூடுதலாக இருந்தது. அவரைக் காத்தது அந்த மாத்திரைச் சத்து அல்ல.

முழங்காலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. வைட்டமின் சி அதிகம் உண்பவர்களுக்குத் தேய்மானம் மெதுவாக நகர்கிறது என்று ஃப்ராமிங்காம் ஒரு காலத்தில் சொன்னது. 2014இல் அலபாமா, அயோவா பகுதி மக்களிடம் ரத்தத்தையே எடுத்து அளந்தபோது, சி, ஈ இரண்டும் அதிகமாக இருந்தவர்களுக்கே புதிய தேய்மானம் கூடுதலாக வந்திருந்தது. ‘ரத்த அளவே காரணம்’ என்ற தர்க்கத்தை ஏற்பவர் இப்போது முட்டிக்காரர்களிடம் நெல்லிக்காயை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. நமக்குப் பிடித்த எண் வந்தால் காரணம் என்றும், பிடிக்காத எண் வந்தால் தற்செயல் என்றும் மாற்றி மாற்றிப் பேசுவது அறிவியலாகாது. ஈ மாத்திரையை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்ததிலும் குருத்தெலும்பு காப்பாற்றப்படவில்லை. வைட்டமின் கே மட்டும் இன்னும் ஆராயத் தகுந்தது. அது குறைந்தவர்களுக்குத் தேய்மானம் அதிகம் என்பதற்குச் சில நல்ல அறிகுறிகள் உள்ளன. ஆயினும் கை விரல் மூட்டுகளில் அதைக் கொடுத்துச் சோதித்தபோது மொத்தத்தில் பலன் தெரியவில்லை. கீரை சாப்பிடுவதற்கு அது தாராளமான காரணம். மாத்திரை வாங்குவதற்கு இன்னும் இல்லை.

டி மாத்திரை செய்யும் மிகப் பெரிய தீங்கு அதன் வேதியியலில் இல்லை. அது கேள்வியை மூடிவிடுகிறது. ‘சத்து குறைவு, மாத்திரை எடுத்தாச்சு’ என்றதும் நோயாளியின் கடமை முடிந்தது, மருத்துவரின் கடமையும் முடிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம், எண் 38, எல்லோருக்கும் நிம்மதி. முட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் தொடைத் தசை இன்னும் மெலிந்திருக்கிறது.

ஏனென்றால் முழங்காலைத் தாங்குவது முன்தொடைத் தசை. ஒவ்வோர் அடியிலும் உடலின் சுமை மூட்டில் திடீரென இறங்காமல் பிடித்து மெல்ல இறக்குவது அதன் வேலை. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் அந்தத் தசை சூம்பும். தசை சூம்பினால் மூட்டின்மேல் அடி நேராக விழும். வலி கூடும், நடை இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைக்கப் பயிற்சி மட்டுமே உதவும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி நிறுத்துவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமதரையில் நடப்பது ஆகியவற்றை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் வாரங்களில் கொஞ்சம் வலிக்கும். அந்த வலியால் மூட்டு கெட்டுவிடாது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சிகிச்சை.

எடையைப் பற்றியும் இதே உறுதியோடு பேசலாம். ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குள் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டினார்கள். டியைப் பற்றிய பயத்தைக் கிளப்பிய அதே ஃப்ராமிங்காமில், பத்தாண்டில் ஐந்து கிலோ அளவுக்கு எடை இறங்கிய பெண்களுக்கு வலியுள்ள முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது. இது 1992லேயே வெளியானது. டி கட்டுரைக்கு நான்கு ஆண்டுகள் முந்தையது. 2024இல் எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசியைத் தேய்மானமும் உடற்பருமனும் சேர்ந்து உள்ளவர்களிடம் சோதித்தபோதும், எடை கணிசமாக இறங்கியவர்களுக்கு முழங்கால் வலி வெற்று ஊசிக்காரர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. அந்த ஊசியைப் போடச் சொல்லவில்லை; விலையும் பக்கவிளைவும் தனிக் கதை. எடை என்ற காரணத்தைத் தொட்டால் முட்டி பதில் சொல்கிறது, டி என்ற எண்ணைத் தொட்டால் சொல்வதில்லை. காரணம் எது, நிழல் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருவதும் ஓர் அங்கம். ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரிகிறது. இயன்முறை மருத்துவரும் வருவார் என்பது முட்டி வலியோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியாது. தனியார் மருத்துவரிடம் போகிறவர்கள் அடுத்த முறை டி பரிசோதனைச் சீட்டு நீட்டப்படும்போது, ‘டாக்டர், எனக்கு எலும்பு மென்மையாகும் நோய் இருக்கும்னு சந்தேகப்படுறீங்களா? இல்லைன்னா இந்தக் காசுக்கு என்னை பிசியோதெரபிக்கு அனுப்புங்க’ என்று கேட்க வேண்டும். மருத்துவர்களிடம் நான் கேட்பது அதைவிடக் குறைவு. ரத்தம் எடுக்க அனுப்புவதற்கு முன், அந்த அம்மாவை ஒருமுறை கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள்.